மாதம் 703 டாலர் கட்டியும் பார்க்க ஆள் இல்லை: நியூ ஜெர்சியில் ஒரு மெடிகேர் நிகழ்வு ஆய்வு

மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு. நியூ ஜெர்சியில் அதை வைத்திருப்பவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் ‘ஷிப்’ திட்டத்தில் நான் தன்னார்வலராக இருக்கிறேன். எல்லா மாநிலங்களிலும் இந்தத் திட்டம் உண்டு. ஃபெடரல் அரசு பணம் தருகிறது. நாங்கள் எந்தக் காப்பீட்டையும் விற்பதில்லை, யாரிடமும் கமிஷன் வாங்குவதில்லை. எங்களிடம் வரும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே கதைதான்: பிள்ளைகள் கிரீன் கார்டு எடுத்து அழைத்து வந்த அம்மா அப்பா, கையில் புதிதாக வந்த மெடிகேர் அட்டை, அதை எங்கே காட்டுவது என்ற குழப்பம். கீழே சொல்லப்போவதும் அப்படி ஒன்றுதான். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

யார், என்ன வைத்திருந்தார்கள்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்த அம்மா. வயது 70. கணவர் இல்லை. மிடில்செக்ஸ் கவுண்டியில் மகன் வீட்டில் இருக்கிறார். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. காலில் உணர்ச்சி குறைந்து வருகிறது. கார் ஓட்டத் தெரியாது. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் வீட்டுக்குப் பக்கத்திலேயே, விரைவில் நேரம் கிடைக்கிற இடமாக வேண்டும் என்பதுதான் அவர்கள் தேடலின் தொடக்கம். டாக்டர்களிடம் புது நோயாளியாக நேரம் கேட்டால் இரண்டு மூன்று மாதம் தள்ளிச் சொன்னார்கள். அதே கிளினிக்கில் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்டை (சுருக்கமாக பி.ஏ., டாக்டரோடு சேர்ந்து வேலை செய்து நோயாளிகளைப் பார்ப்பவர்) பார்ப்பதானால் அடுத்த வாரமே வரலாம் என்றார்கள். சரி, பி.ஏ.வையே பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள்.

அம்மா 2019 அக்டோபரில் கிரீன் கார்டோடு வந்தவர். 65 வயதைத் தாண்டிய கிரீன் கார்டுக்காரர் தொடர்ந்து ஐந்து ஆண்டு அமெரிக்காவில் குடியிருந்தால் மெடிகேரை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். (நடுவில் ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்கிவிட்டால் இந்தத் ‘தொடர்ந்து’ என்பதில் கேள்வி வரும், டிக்கெட் போடும்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.) இங்கே பத்து ஆண்டு வேலை பார்த்து வரி கட்டியவருக்கு மருத்துவமனைச் செலவுக்கான ‘ஏ’ பகுதி இலவசம். கணவன் அல்லது மனைவி கட்டிய வரியும் கணக்கில் வரும். மகன் இருபது ஆண்டு கட்டியிருந்தாலும் அது அம்மாவுக்கு உதவாது. ஆக, 2025 கணக்குப்படி ‘ஏ’ பகுதிக்கு மாதம் 518 டாலர், டாக்டர் செலவுக்கான ‘பி’ பகுதிக்கு 185 டாலர், மொத்தம் 703. அதை மகன்தான் கட்டுகிறார்.

மெடிகேர் 2024 நவம்பர் 1 அன்று தொடங்கியது. அதற்குள் தெரிந்தவர் மூலம் வந்த ஒரு ஏஜென்ட், கூடுதல் கட்டணம் இல்லாத, பல் வைத்தியமும் கண்ணாடியும் சேர்ந்த ‘மெடிகேர் அட்வான்டேஜ்’ திட்டம் ஒன்றில் சேர்த்துவிட்டார். அது எச்.எம்.ஓ. வகை. தனியார் நிறுவனம் நடத்துவது. அதன் நெட்வொர்க்கில் இருப்பவர்களிடம், அதாவது அதோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் டாக்டர்கள், கிளினிக்குகளிடம் மட்டும்தான் போக வேண்டும், அவசர சிகிச்சை தவிர. இதை அந்த ஏஜென்ட் சொன்னாரா, சொல்லியும் இவர்கள் காதில் விழவில்லையா என்பது எனக்குத் தெளிவாகவில்லை. பல் வைத்தியம் மட்டும் எல்லோருக்கும் நன்றாக நினைவிருந்தது.

முதல் தேடல் எங்கே தடம் மாறியது

மகன் கணினித் துறைக்காரர். தேடுவதில் குறை வைக்கவில்லை. மெடிகேர் அரசுத் தளத்தில் ‘கேர் கம்பேர்’ என்ற தேடல் வசதி இருக்கிறது. ஊர்ப் பெயரும் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் என்பதும் கொடுத்தார். வீட்டிலிருந்து ஒரு மைலில் ஒரு பெண் பி.ஏ. கிடைத்தார். மெடிகேர் அனுமதித்த தொகையை மட்டுமே வாங்குபவர் என்ற குறிப்பும் பெயருக்குக் கீழே இருந்தது. கிளினிக்குக்கு போன் செய்து “மெடிகேர் எடுப்பீர்களா?” என்று கேட்டார். “எடுப்போம்” என்றார்கள். ஜனவரியில் போனார்கள். அம்மா கைப்பையிலிருந்து சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்த அரசு அட்டையை எடுத்துக் கொடுத்தார். வரவேற்பில் நகல் எடுத்துக்கொண்டார்கள். பி.ஏ. நன்றாகப் பார்த்தார், காலணியைக் கழற்றச் சொல்லி இரண்டு பாதங்களையும் தொட்டுச் சோதித்தார், இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

பிப்ரவரியில் பில் வந்தது. இருநூறு டாலருக்கு மேல்.

நடந்தது இவ்வளவுதான். கிளினிக், அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேருக்கு பில் அனுப்பியது. இவர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருக்கிறார், நாங்கள் தர முடியாது என்று அங்கே திருப்பினார்கள். பிறகு திட்டத்துக்கு அனுப்பினார்கள். நீங்கள் எங்கள் நெட்வொர்க்கில் இல்லை என்று அங்கேயும் திருப்பினார்கள். மிச்சம் நோயாளி தலையில்.

மகன் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் பொய்யில்லை. அந்த பி.ஏ. மெடிகேர் எடுப்பவர்தான். ‘கேர் கம்பேர்’ சொன்னதும் சரிதான். ஆனால் அது அசல் மெடிகேரில் பதிவு செய்தவர்களைத்தான் காட்டும். எந்தத் தனியார் திட்டத்தின் நெட்வொர்க்கில் யார் இருக்கிறார் என்பது அங்கே தெரியாது. அட்வான்டேஜில் சேர்ந்துவிட்டால் அரசு அட்டையை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுத் திட்டத்தின் அட்டையைத்தான் எடுத்துப் போக வேண்டும். இரண்டு அட்டையிலும் மெடிகேர் என்று அச்சடித்திருந்தால் எழுபது வயதில் யாருக்குத்தான் குழப்பம் வராது? நகல் எடுப்பதோடு நிறுத்தாமல் வரவேற்பில் ஒருமுறை தகுதியைச் சரிபார்த்திருக்கலாம். பல இடங்களில் செய்கிறார்கள். இங்கே செய்யவில்லை.

இந்த பில்லுக்கு மேல்முறையீடு செய்யலாமா என்று பார்த்தோம். மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து 65 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அவசர சிகிச்சை இல்லை, திட்டத்தின் பட்டியலை நம்பிப் போனதும் இல்லை. சொல்வதற்கு வாதம் இல்லாமல் மனு போட்டு என்ன பயன்? கிளினிக்கின் பில்லிங் பிரிவில் பேசி, காப்பீடு இல்லாதவர்களுக்கான குறைந்த கட்டணத்துக்கு இறக்கச் சொன்னோம். பாதியளவு குறைத்தார்கள். மகன் கட்டி முடித்தார்.

பி.ஏ. என்பவர் யார், பில் யார் பெயரில் போகிறது

முதல் சந்திப்பில் அம்மா என்னிடம் கேட்டது பில்லைப் பற்றி இல்லை. “டாக்டரைப் பார்க்கப் போனா கம்பவுண்டரைக் காட்டறாங்களே கண்ணு, இதுக்கா இத்தனை பணம்?”

கம்பவுண்டர் இல்லை. 1965இல் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில், டாக்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவப் பேராசிரியர் தொடங்கிய படிப்பு இது. கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்கள்தான் முதல் மாணவர்கள். 1967இல் முதல் அணி வெளியே வந்தது. இன்றைக்கு இது முதுகலைப் படிப்பு, பட்டம் முடித்த பிறகு இரண்டேகால் ஆண்டு வாக்கில் ஆகும். பிறகு தேசியத் தேர்வு, மாநில உரிமம். நோயைக் கண்டறிவார்கள், மருந்து எழுதுவார்கள், பெரும்பாலும் ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். நம் பக்கமும் இது புதிதில்லை. சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் 1992இலேயே இந்தப் படிப்பைத் தொடங்கிவிட்டார்கள். இதைச் சொன்னதும் அம்மாவுக்குக் கொஞ்சம் சமாதானம் ஆனது. அந்தப் பெண் பாதத்தைத் தொட்டுப் பார்த்தது அதற்கு மேல் உதவியது. ஊரில் எந்த டாக்டரும் அப்படிப் பார்த்ததில்லையாம்.

இனி பணத்தின் பக்கம். தேடுபவர்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது இதுதான்.

அசல் மெடிகேர், பி.ஏ. செய்யும் வேலைக்கு டாக்டர் கட்டணத்தில் 85 சதவீதம் தருகிறது. டாக்டருக்கு 100 டாலர் என்றால் பி.ஏ.வுக்கு 85. ஆண்டுக் கழிவுத்தொகை (ஒவ்வோர் ஆண்டும் முதலில் நோயாளியே கட்ட வேண்டியது, 2025இல் 257 டாலர்) முடிந்த பிறகு நோயாளி அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 17 டாலர் தருவார். இன்னொரு நல்ல விஷயம் பலருக்குத் தெரியாது. சில டாக்டர்கள் மெடிகேர் அனுமதித்த தொகைக்கு மேலே ஓரளவு கூடுதலாக வாங்க விதி இடம் தருகிறது. பி.ஏ.க்களுக்கு அந்த இடம் இல்லை. மெடிகேருக்கு பில் போட்டால், அனுமதித்த தொகையை முழுக் கட்டணமாக ஏற்றே ஆக வேண்டும். அசல் மெடிகேரில் இருப்பவருக்கு ஆகவே தேடல் சுலபம்: அந்த பி.ஏ. மெடிகேரிலிருந்து முறைப்படி விலகாதவராக இருந்து, புது நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

அடுத்தது பில் போகும் வழி. டாக்டர் ஏற்கெனவே பார்த்துச் சிகிச்சைத் திட்டம் வகுத்த நோயாளியைப் பிறகு பி.ஏ. பார்த்தால், டாக்டரின் மேற்பார்வை இருக்கும் நிலையில், டாக்டர் பெயரிலேயே முழு 100 சதவீதத்துக்கு பில் போட மெடிகேரில் வழி இருக்கிறது. புது நோயாளிக்கும் புதிதாக வந்த நோய்க்கும் அப்படிப் போடக் கூடாது. பி.ஏ.வின் சொந்த அடையாள எண்ணில்தான் போக வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து பி.ஏ.க்கள் நேரடியாகவே மெடிகேரிடம் பணம் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு முன் அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் இடத்துக்குத்தான் பணம் போகும்.

தனியார் திட்டங்களோ ஆளுக்கொரு வழி வைத்திருக்கின்றன. சில, ஒவ்வொரு பி.ஏ.வையும் தனியாகப் பதிவு செய்கின்றன. சில, மேற்பார்வை டாக்டரின் பெயரிலோ கிளினிக் குழுவின் ஒப்பந்தத்திலோ ஏற்றுக்கொள்கின்றன. இப்படிப்பட்ட திட்டத்தின் பட்டியலில் பி.ஏ.வின் பெயரைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது, ஆனால் அவரிடம் போனால் திட்டம் பணம் கொடுக்கும். ஆகவே பி.ஏ.வைத் தேடுகிறவர் முதலில் தேட வேண்டியது கிளினிக்கை. இந்த விலாசத்தில், இந்தத் திட்டத்துக்கு, புது நோயாளியின் பில் யார் பெயரில் போகும் என்று கேட்டால்தான் பதில் பயன்படும்.

இரண்டாவது தேடல்

குடும்பம் என்னிடம் வந்தது பிப்ரவரிக் கடைசியில். அட்வான்டேஜில் இருப்பவர் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை ஒருமுறை மாறிக்கொள்ளலாம், அசல் மெடிகேருக்குத் திரும்பவும் செய்யலாம். அம்மாவுக்கு இன்னொரு வாய்ப்பும் இருந்தது. 65 தாண்டியவருக்கு ‘பி’ பகுதி தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அசல் மெடிகேர் கொடுத்தது போக மீதிச் செலவை ஏற்கும் ‘மெடிகேப்’ பாலிசியை உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. அவருக்கு அது ஏப்ரல் 30 வரை. சர்க்கரையும் நரம்புப் பிரச்சினையும் இருப்பவருக்கு இந்த ஆறு மாதம் லேசான விஷயம் இல்லை.

என் கருத்தைக் கேட்டால், திரும்பிவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். எந்த பி.ஏ., எந்த டாக்டர் என்றாலும் நெட்வொர்க் தொல்லை இல்லாமல் போகலாம். ஆனால் மெடிகேப்புக்கும் மருந்துக்கான ‘டி’ பகுதிக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும், அதுவும் 703க்கு மேலே. மகன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “இந்த வருஷம் முடியாதுக்கா” என்றார். வீட்டுக் கடனும் இரண்டு குழந்தைகளும் இருக்கிற வீட்டில் அதற்கு மேல் நான் பேச ஒன்றுமில்லை. ஏழைகளுக்கான மெடிகெய்டு பற்றியும் கேட்டார். அந்த வழியில் வருமான வரம்பு உண்டு. அதோடு, அழைத்து வந்த மகனின் வருமானத்தையும் அம்மாவின் வருமானத்தோடு சேர்த்துப் பார்க்க இடம் உண்டு. இந்த வீட்டுக்கு அது ஒத்துவராது. ஆக, இருக்கிற எச்.எம்.ஓ.வுக்குள்ளேயே தேடுவது என்று முடிவானது.

திட்டத்தின் பட்டியலைத் திறந்தோம். வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் நிறையப் பெயர்கள். ஒவ்வொன்றாகப் போன் செய்ததில் வண்டவாளம் தெரிந்தது. ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஒருவர் கிளினிக் மாறிவிட்டார். ஒரு எண்ணில் மருந்துக்கடை எடுத்தது. இருந்த பி.ஏ.க்களில் ஒருவர் எலும்பு அறுவை சிகிச்சையில் உதவுபவர், இன்னொருவர் மருத்துவமனை வார்டில் மட்டும் வேலை செய்பவர். பி.ஏ.க்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் பொது மருத்துவப் பக்கம் இருக்கிறார், மற்றவர்கள் ஏதாவதொரு சிறப்புத் துறையில். மெடிகேர் பதிவிலோ எல்லோருக்கும் 97 என்ற ஒரே குறியீடு. தோல் மருத்துவத்தில் இருப்பவரும் அதே, குடும்ப மருத்துவத்தில் இருப்பவரும் அதே. பட்டியலைப் பார்த்து வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது.

இந்தத் திட்டம் மட்டும் மோசம் என்று நினைக்க வேண்டாம். மெடிகேரை நடத்தும் சி.எம்.எஸ். நிறுவனமே 2016 முதல் 2018 வரை மூன்று சுற்றுகளாக அட்வான்டேஜ் பட்டியல்களைச் சோதித்தது. சரிபார்த்த இடங்களில் ஏறக்குறைய பாதியில் ஏதாவது ஒரு பிழை இருந்தது: தவறான விலாசம், தவறான எண், புது நோயாளி சேர்ப்பார் என்று போட்டுவிட்டுச் சேர்க்காதவர். இந்த மாதிரிப் பட்டியலுக்குப் பேய் நெட்வொர்க் என்று இங்கே பெயர் வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் பிடித்தது எப்படி என்றால், பெயர்களை விட்டுவிட்டு விலாசங்களைப் பார்த்தோம். ஒரே விலாசத்தில் மூன்று நான்கு குடும்ப டாக்டர்கள் இருக்கும் குழுவாகத் தேர்ந்தெடுத்தோம். அப்படிப்பட்ட இடங்களில் பி.ஏ. இருக்க வாய்ப்பு அதிகம், ஒரு டாக்டர் போய்விட்டாலும் ஒப்பந்தம் நிற்கும். வீட்டிலிருந்து மூன்று மைலில் ஒன்று கிடைத்தது. போனை மகன் கையில் கொடுத்தேன். திட்டத்தின் முழுப் பெயரையும் அட்டையில் இருக்கிறபடியே படிக்கச் சொன்னேன், ஏனென்றால் ஒரே நிறுவனத்துக்கு ஒரே கவுண்டியில் பல திட்டங்கள் இருக்கும், ஒன்றில் சேர்ந்த கிளினிக் மற்றதில் இருக்காது. உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போனது:

“இந்தத் திட்டத்தில், இதே விலாசத்தில், நீங்கள் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா?”

“இருக்கிறோம்.”

“புது நோயாளி சேர்க்கிறீர்களா?”

“டாக்டரிடம் ஒன்பது வாரம் ஆகும். பி.ஏ.விடம் வியாழக்கிழமை வரலாம்.”

“முதல் தடவையே பி.ஏ.வைப் பார்த்தால் பில் யார் பெயரில் போகும்?”

கொஞ்ச நேரம் இசை ஒலித்தது. பில்லிங் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். இந்தத் திட்டத்துக்குக் குழுவின் ஒப்பந்தத்தில் போகும், பி.ஏ.வின் எண்ணும் அதில் சேர்ந்திருக்கிறது என்றார். பி.ஏ.வின் பத்து இலக்க என்.பி.ஐ. எண்ணையும் (மருத்துவம் பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் உள்ள அடையாள எண்) தந்தார். அது இரகசியமில்லை, அரசுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அப்புறம் அட்டையின் பின்பக்கத்தில் உள்ள எண்ணில் திட்டத்தை அழைத்தோம். கிளினிக் சொன்னதைத் திட்டமும் சொன்னால்தான் உறுதி. அம்மா தானே பேசட்டும் என்று தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டோம். இதற்குக் கட்டணம் இல்லை. சில நிமிடத்தில் ஒரு பெண் குரல் வந்தது. பிறந்த தேதியைச் சொல்வதற்குள் அம்மா அவருடைய சொந்த ஊர் எது என்று விசாரித்துவிட்டார். திட்டத்தில் இருந்தவர் என்.பி.ஐ. எண்ணைப் பார்த்து, அந்த பி.ஏ.விடம் போகலாம் என்றார். ஆனால் எச்.எம்.ஓ.வில் முதன்மை மருத்துவர் என்று ஒருவர் பெயர் பதிவில் இருக்க வேண்டும், இந்தத் திட்டத்தில் அந்த இடத்தில் பி.ஏ.வைப் போட முடியாது, குழுவின் டாக்டர் ஒருவரைப் போடலாம் என்றார். சேர்த்தபோது யாரோ ஒரு டாக்டரைத் தானாகவே போட்டிருந்தார்கள், இருபது மைல் தள்ளி. குடும்பத்துக்கு அது தெரியாது. மாற்றச் சொன்னோம். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் அமலாகும் என்றார். ஆகவே வியாழக்கிழமையை விட்டுவிட்டு ஏப்ரல் முதல் வாரத்துக்கு நேரம் வாங்கினோம். பேசியவரின் பெயர், தேதி, அழைப்பின் குறிப்பு எண் எல்லாவற்றையும் மகன் எழுதி வைத்துக்கொண்டார்.

ஒருவேளை இதுவும் சரிப்படவில்லை என்றால் ஃபெடரல் உதவி பெறும் சமூக சுகாதார மையம் ஒன்றையும் பார்த்து வைத்திருந்தேன். அங்கெல்லாம் மெடிகேர், மெடிகெய்டு இரண்டும் ஏற்பார்கள், வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் குறையும், பி.ஏ.க்களும் நிறைய. தேவைப்படவில்லை.

பிறகு

ஏப்ரலில் போனார்கள், இந்த முறை திட்டத்தின் அட்டையோடு. பில் குழுவின் பெயரில் போய், நெட்வொர்க் கட்டணத்திலேயே முடிந்தது. பி.ஏ. ஓர் இளைஞர். பழைய இரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுபோனதால் மறுபடி குத்தவில்லை. மருந்தில் ஒன்றைக் குறைத்தார். பாதத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரை நோயாளிகளுக்கான காலணி வாங்கிக்கொள்ளலாம், மெடிகேரில் ஆண்டுக்கு ஒரு ஜோடி வரும் என்றார்.

அங்கே ஒரு முட்டுக்கட்டை. காலணிக்கான சான்றிதழில் சர்க்கரைக்குச் சிகிச்சை தரும் டாக்டரின் கையெழுத்து வேண்டும் என்று காலணிக் கடைக்காரர் பி.ஏ.வின் கையெழுத்தோடு வந்த தாளைத் திருப்பிவிட்டார். வீட்டுக்கு வரும் செவிலியர் சேவைக்கு 2020இலிருந்து பி.ஏ.வே சான்று தரலாம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் இலவச நலப் பரிசோதனையையும் அவரே செய்யலாம். காலணி விதி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. ஏன் என்று கேட்டால் யாரிடமும் நல்ல பதில் இல்லை. அதே கிளினிக்கில் பதிவில் இருக்கும் டாக்டரிடம் தாளைக் கொண்டுபோனார்கள். ஜூனில் கிடைத்த நேரத்தில் அம்மாவை ஒருமுறை அவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பதிவில் பெயர் இருக்கும் டாக்டரும் பார்க்கிற பி.ஏ.வும் ஒரே கூரையின் கீழ் இருந்தது அங்கேதான் கைகொடுத்தது.

மாதாமாதப் பார்வையெல்லாம் இப்போது அந்த இளைஞரிடம்தான். செப்டம்பர் முடிவதற்குள் அடுத்த ஆண்டு மாற்றங்களைப் பட்டியலிடும் கடிதம் திட்டத்திலிருந்து வரும். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டம் மாற்றிக்கொள்ளலாம். கடிதம் வந்த உடனே கிளினிக்குக்குப் போன் செய்து, வரும் ஆண்டும் இதே திட்டத்தில் இருப்பீர்களா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். இல்லை என்று சொன்னால், கிளினிக் எந்தத் திட்டத்தில் இருக்கிறதோ அதைப் பார்த்துத் திட்டத்தை மாற்றுவதாக உத்தேசம்.